மூன்று சென்டிமீட்டர்

3,000 மீட்டர் ஆழத்தில் கடலின் கனம் ஏறக்குறைய 300 வளிமண்டல அழுத்தம். அந்தக் கனத்தின் மேல் 3 சென்டிமீட்டர் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 2005-இல் எனக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட வேலை இதுதான். லட்சத்தில் ஒரு பங்கு. கருவிக்கு அது பெரிய காரியமில்லை. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம் அழுத்தத்துக்கேற்பத் தன் அதிர்வை மாற்றிக்கொள்ளும். அதிர்வை எண்ணினால் தண்ணீரின் உயரம் தெரிந்துவிடும். கருவியைச் செய்தவர்கள் வேறு. அது கடலடியிலிருந்து அனுப்பும் எண்களைப் பார்த்து, இது சுனாமி, இது சுனாமி இல்லை என்று பிரிக்கும் விதியை எழுதுவது என் பங்கு.

நான் தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவ ஊரில் பிறந்தவள். 2004 டிசம்பர் 26 அன்று சென்னையில் இருந்தேன். பொறியியல் முடித்து, கடல் ஆய்வுக் கருவிகளின் தரவைச் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருடம். அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. காலை 6 மணி 29 நிமிடத்துக்குச் சுமத்ராவுக்கு மேற்கே நிலம் உடையத் தொடங்கியது. உடைப்பு வடக்கு நோக்கி அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. எங்கள் கரைக்குத் தண்ணீர் வந்தபோது ஏறக்குறைய ஒன்பது மணி. நடுவில் இருந்தது இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் என் சித்தி கருவாடு காயப் போட்டாள். அவளுடைய பிள்ளைகள் இருவரும் கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா மாவு மில்லுக்காகப் பொறையாறுக்குப் போயிருந்ததால் பிழைத்தாள். மற்ற மூவரும் இல்லை.

அந்த நேரத்தில் உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. பசிபிக் கடலுக்கு 1949 முதலே எச்சரிக்கை மையம் இருந்தது. ஹவாயில் இருந்தவர்கள் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டார்கள். முதல் கணக்கில் 8.0 என்று போட்டார்கள். உண்மையில் அது 9-ஐத் தாண்டியது. அளவு தப்பியது ஒரு பக்கம். சரியாகவே போட்டிருந்தாலும் இந்தியப் பெருங்கடலில் அவர்கள் கூப்பிட்டுச் சொல்ல ஓர் ஏற்பாடு கிடையாது. நிலநடுக்கம் நடந்து இரண்டு மணி நேரத்தில் ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்காள விரிகுடாவைக் கடந்தபோது, நடுக்கடலில் அலை சுமார் 60 சென்டிமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருந்ததை அளந்தே வைத்திருக்கிறது. அந்த எண்ணை மனிதர்கள் பார்த்தது பிறகுதான். கடல்மட்டத்தை அளக்கும் சென்னைத் துறைமுகத்து டைட் கேஜிலும் அலை பதிவாகியிருக்கிறது. அந்தக் கோட்டை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஏறுகிறது, பிறகுதான் இறங்குகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கடல் உள்வாங்கினால் ஓடு என்று இன்றைக்கும் பள்ளிக்கூடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல பாடம்தான், ஆனால் பாதிப் பாடம். 2004-இல் உடைப்புக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே, நம் பக்கம், முதலில் வந்தது ஏற்றம். உள்வாங்கியது அதற்கும் அடுத்த அலைக்கும் நடுவில். நிலத்தட்டு எந்தப் பக்கம் மேலே எழுகிறது, எந்தப் பக்கம் கீழே போகிறது என்பதைப் பொறுத்தது அது. உள்வாங்கும் வரை காத்திருந்தவர்களுக்கு எங்கள் கரையில் நேரம் இருந்திருக்காது.

நல்லவாடு பற்றி அப்போதுதான் கேள்விப்பட்டேன். புதுச்சேரியில் உள்ள மீனவ ஊர். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திக்கொண்டிருந்தது. கடலில் அலை எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் டி.வி.யில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய் மைக்கில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான பேர் தப்பினார்கள். செயற்கைக்கோள் அளந்த எண் போய்ச் சேராத கரைக்கு ஒரு போனும் ஒரு குழாய் ஸ்பீக்கரும் போய்ச் சேர்ந்தன. நாங்கள் கட்டப்போவது, அந்த இளைஞர் டி.வி. பார்க்காமல் போயிருந்தாலும் அந்தப் போன் வரும்படியான ஓர் ஏற்பாடு. அப்படித்தான் எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். இன்றைக்கும் அதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி அந்த 3 சென்டிமீட்டருக்கு வருகிறேன். கடலடியில் உட்கார்ந்திருக்கும் கருவியை நாங்கள் பி.பி.ஆர். என்போம். அது அளப்பதை ஒலியாக மாற்றித் தண்ணீர் வழியே மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டுச் செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அது கரைக்கு வரும். நடுக்கடலில் ஏற்றவற்றம் மட்டும் ஒரு மீட்டர் வரை இருக்கும். அதற்குள்ளே 3 சென்டிமீட்டரை எப்படித் தேடுவது? ஏற்றவற்றம் மெதுவானது. கடந்த மூன்று மணி நேர அளவுகளை வைத்து ஒரு வளைகோட்டை வரைந்து நீட்டினால், அடுத்த நொடிகளில் தண்ணீர் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லிவிடலாம். உண்மையான அளவு அதிலிருந்து 3 சென்டிமீட்டர் விலகினால் கருவி விழித்துக்கொள்ளும். நெடிய இடைவெளி விட்டுப் பேசுவதை நிறுத்தி உடனுக்குடன் பேசத் தொடங்கும். இந்த முறை அமெரிக்க மிதவைகளில் ஏற்கெனவே இருந்தது. நாங்கள் எங்கள் கடலுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

3 ஏன்? 1 என்று வைத்தால் என்ன? மீட்டிங்குகளில் இந்தக் கேள்விக்கு மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். 1 என்று வைத்தால் கருவி தினமும் கூவும். 10 என்று வைத்தால் நடுக்கடலில் 8 சென்டிமீட்டராகப் போகும் அலையைக் காணாமல் விட்டுவிடும். அது கரையில் ஏறும்போது சிறு அலையாக இருக்கும் என்று உறுதி கிடையாது. ஆழம் குறையக் குறைய அலை வேகம் குறைந்து உயர்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் அலை, 50 மீட்டர் ஆழத்துக்கு வரும்போது 80 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். பின்னால் வரும் தண்ணீர் முன்னால் இருப்பதன் மேல் நெருக்கும். ஆக, எங்கே கோடு போட்டாலும் ஒரு பக்கம் தப்பு நடக்கும். எந்தப் பக்கத்துத் தப்பை ஏற்றுக்கொள்வது என்பதைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். இளவயதில் இது எனக்குக் கணக்காகத் தெரிந்தது. அது கணக்கு மட்டும் அல்ல என்று எனக்குக் காட்டியது ஓர் இரவு.

மிதவைகள் கடலில் இறங்கிய முதல் வருடங்களில், நள்ளிரவு 2 மணிக்கு ஒரு பி.பி.ஆர். விழித்துக்கொண்டது. திரையில் 4 சென்டிமீட்டர் விலகல். எந்த நிலநடுக்கமும் பதிவாகவில்லை. காரணம் என் விதியிலேயே இருந்தது. நடுவில் சில அளவுகள் வராமல் போயிருந்தன. இடைவெளியை நிரப்பாமலே என் நிரல் வளைகோட்டை நீட்டிவிட்டது, கோடு தவறான இடத்துக்குப் போனது. இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தேன். அந்த இருபது நிமிடமும் என் கை போனின் மேலேயே இருந்தது. அடுத்த நாள் நாங்கள் ஒரு விதி சேர்த்தோம்: நிலநடுக்கம் இல்லாமல் மிதவை மட்டும் கூவினால் அறிவிப்பு போகக் கூடாது, பணியில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நான்தான் அதை முதலில் சொன்னவள். இந்த விதியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மிதவைகளைப் பராமரிக்கக் கப்பலில் போனதும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறையாவது போயாக வேண்டும். பாசி பிடிக்கும், மின்கலம் தீரும், கயிறு தேயும். ஒரு முறை நாங்கள் போனபோது மிதவையின் மேலே சூரியத் தகடு இல்லை. ஆண்டெனா வளைந்திருந்தது. பக்கத்திலேயே காசிமேட்டிலிருந்து தூண்டிலுக்கு வந்த படகு ஒன்று நின்றது. எங்கள் குழுவின் இளைஞர்கள் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, என் அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் சிறுமீன் கூடும், அதைத் தேடிச் சூரை வரும். படகைக் கட்டிவைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தகடு கழன்றது அவர்களாலா, வேறு யாராலா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

படகில் இருந்த பெரியவரிடம் பேசினேன். நான் எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "அம்மாடி, இது என்னாத்துக்குன்னு யாரும் எங்ககிட்ட சொன்னதில்லையே" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் மிதவையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்குச் சொல்லும், சரி. இங்ஙன நிக்கிற எனக்குச் சொல்லுமா?"

சொல்லாது. அவருடைய படகு அந்த மிதவையில் கட்டிக் கிடந்தாலும், அது பேசுவது செயற்கைக்கோளோடு. சுனாமி வரும்போது ஆழ்கடலில் நிற்கும் படகுக்கு ஒன்றும் ஆகாது. நூறு பாகத்துக்கு மேல் ஆழம் உள்ள இடத்தில் அலை காலடியில் போனதே தெரியாது. ஆனால் செய்தி தெரியாமல் அவர் அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்துக்குள் நுழைந்தால்? "கரைக்கு வராதீர்கள்" என்பதும் எச்சரிக்கைதான், அதற்கு அப்போது எங்கள் வரைபடத்தில் ஒரு கோடுகூட இருக்கவில்லை. கைபேசிக் கோபுரம் எட்டாத தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் ஜெமினி கருவி 2019-இல்தான் வந்தது. மிதவையைக் காப்பாற்ற வேலி போட முடியாது. அதைத் தங்கள் பொருளாக அவர்கள் நினைக்க வேண்டும்; அப்படி நினைக்க அதனால் அவர்களுக்கும் ஒரு சொல் கிடைக்க வேண்டும். இந்தோனேசியாவில் 2004-க்குப் பின் பெரும் செலவில் போட்ட மிதவைகள் 2012 முதல் ஒன்றும் வேலை செய்யவில்லை என்று 2018-இல் அந்நாட்டுப் பேரிடர்த் துறையே சொன்னது. பராமரிக்கப் பணம் இல்லை, கடலில் உடைத்தவர்களும் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் கேள்விதான் ஞாபகம் வந்தது.

ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வளாகத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபர் 15 அன்று முறைப்படி தொடங்கியது. அதற்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பர் 12 அன்று, சுமத்ராவின் பெங்குலு அருகே 8.4 அளவில் நிலநடுக்கம் வந்து எங்களைச் சோதித்துவிட்டது. மையத்தின் உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நம் கரைகளுக்கு ஆபத்து வரக்கூடிய இடங்கள் இரண்டு: கிழக்கே அந்தமான் – சுமத்ரா, மேற்கே பாகிஸ்தான் – ஈரான் கரையை ஒட்டிய மக்ரான். அங்கே ஓடும் உடைப்புக் கோடுகளை 100 கிலோமீட்டர் நீளம், 50 கிலோமீட்டர் அகலம் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் ஒரு மீட்டர் நகர்ந்தால் எந்தக் கரைக்கு எப்போது, எவ்வளவு தண்ணீர் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்போம். ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் உருவான மாதிரியை வைத்துச் செய்த கணக்கு. நிலநடுக்கம் வந்ததும் பொருத்தமான துண்டுகளை எடுத்துக் கூட்டினால் போதும். அலை வந்துகொண்டிருக்கும்போது கணக்குப் போட உட்காரக் கூடாது என்பதற்காக, இப்படி.

நிமிடக் கணக்குதான் உண்மையான வடிவமைப்பு. சுமத்ரா முனையில் உடைந்தால் நிக்கோபாருக்கு 20, 30 நிமிடம். தமிழ்நாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். ஒரே நிலநடுக்கம், இரண்டு வேறு நியாயங்கள். நிக்கோபாருக்கு மிதவை சொல்லும் வரை காத்திருக்க முடியாது. நிலநடுக்கத்தின் அளவை மட்டும் வைத்து எச்சரித்தாக வேண்டும், தப்பானாலும் பரவாயில்லை. தமிழ்நாட்டுக்குக் காத்திருக்கலாம், காத்திருக்க வேண்டும். அதனால் 60 நிமிடம் என்று ஒரு கோடு. அலை 60 நிமிடத்துக்குள் எட்டும் கரைக்கு உடனே எச்சரிக்கை. அதற்கு அப்பால் உள்ள கரைக்கு முதலில் கீழ்நிலை அறிவிப்பு. கடலே உறுதி சொன்ன பிறகு உயர்த்துவது அல்லது விலக்குவது.

இந்தக் கோட்டின் அருமை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 30 அன்று, பிணங்களை எடுத்து முடிக்கும் முன்பே, இன்னொரு அலை வருகிறது என்று ஒரு தகவல் பரவி கரை முழுவதும் ஓடியது. ஒன்றும் வரவில்லை. 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவருகே 8.6. அம்மா என்னிடம் சொன்னது: "அன்னைக்கு ராத்திரி ஓடினப்ப எங்கிட்ட இருந்தது கட்டின புடவை மட்டும்தான். மூணாவது தடவ யாராச்சும் சொன்னா நான் படுத்துக்குவேன்." மூன்றாவது தடவை அவள் படுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். என் கோடுகள் எல்லாம் அதற்காகத்தான்.

மூன்றாவது தடவை 2012 ஏப்ரல் 11, பகல் 2 மணி 8 நிமிடம். 8.6. நான் பணியில் இருந்தேன். அளவும் இடமும் தெரிந்ததும் அறையில் யாரும் பேசவில்லை. எட்டு நிமிடத்தில் முதல் அறிவிப்பு போனது: நிக்கோபாரின் பகுதிகளுக்கு எச்சரிக்கை, தாய்நிலக் கரைக்கு அதற்கு அடுத்த நிலை. சென்னையில் கட்டடங்கள் ஆடி, ஜனங்கள் தெருவுக்கு இறங்கி நிற்பதாக டி.வி. காட்டியது. எட்டு நிமிடத்தில் ஒரு நிலநடுக்கம் எவ்வளவு பெரியது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். எப்படி நகர்ந்தது என்று தெரிய இன்னும் நேரம் ஆகும். நிலம் மேலே எழுந்து தண்ணீரைத் தூக்கியதா, பக்கவாட்டில் உரசி நகர்ந்ததா? 2004-இல் எழுந்தது. இது உரசல் போலத்தான் தெரிந்தது, இடமும் தட்டு விளிம்புக்கு மேற்கே விலகி இருந்தது. ஆனால் "போலத்தான் தெரிகிறது" என்பதை வைத்து யாரையும் வீட்டில் உட்கார வைக்க முடியாது.

அப்போது அம்மா கூப்பிட்டாள். பணி நேரத்தில் வீட்டுப் போனை எடுக்க மாட்டேன். எடுத்தேன்.

"ஏ புள்ள, டிவில சுனாமி எச்சரிக்கைன்னு ஓடுது. போவணுமா, இருக்கணுமா?"

அறிவிப்பில் இருப்பதைத் தவிர ஒரு சொல்லும் நான் சொல்லக் கூடாது. எனக்குத் தெரிந்ததை எங்கள் அம்மாவுக்கு மட்டும் சொன்னால், பக்கத்து வீட்டுக்காரிக்கு எது தெரியும்? "கரைப்பக்கம் யாரும் போவ வேணாம். வீட்டுலயே இரு. ரேடியோவப் போட்டு வச்சுக்க" என்றேன்.

"அப்ப போவ வேணாங்கிற."

"இப்ப வேணாம்மா."

"இப்பன்னா எது வரைக்கும்?"

பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அவள் சுனாமிக் குடியிருப்பில், கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே இருந்தாள். நான் என்னையே அப்படித் தேற்றிக்கொண்டேன்.

முதல் மிதவையின் கோடு அசைந்தது. முதலில் வருவது தண்ணீர் இல்லை, நில அதிர்வு. கடலடி ஆடும்போது அழுத்தமும் ஆடும், திரையில் ரம்பப் பல் மாதிரி ஓடும். புதியவர்களுக்கு அதைப் பார்த்து நெஞ்சு அடைத்துவிடும். அந்தப் பற்கள் நொடிக்கணக்கில் ஏறி இறங்கும். சுனாமி அப்படி இல்லை. பத்து, இருபது நிமிடம் எடுத்து ஏறும், அவ்வளவே எடுத்து இறங்கும். பற்கள் அடங்கிய பிறகு கோடு மெல்ல எழுந்தது, சில சென்டிமீட்டர். நின்றது. இறங்கியது. சுமத்ராவின் மியூலாபோ டைட் கேஜில் ஒரு மீட்டரளவு வந்து போனது. தாய்நிலக் கரையை உயர்த்த வேண்டியதில்லை என்று முடிவானது. 4 மணி 13 நிமிடத்துக்கு 8.2 அளவில் இன்னொன்று. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். மாலையில் விலக்கினோம். தமிழ்நாட்டில் எந்த ஊரையும் காலி செய்யும்படி எங்கள் மையம் சொல்லவில்லை. அந்த நாளின் பெரிய வேலையாக நான் நினைப்பது, நாங்கள் சொல்லாமல் இருந்ததை.

ஆனாலும் அம்மாவின் டி.வி.யில் "சுனாமி எச்சரிக்கை" என்றுதான் ஓடியிருக்கிறது. இதைப் பற்றி நான் நிறையப் பேசுகிறேன் என்று கூடவேலை செய்தவர்கள் சொல்வதுண்டு. பேசத்தான் வேண்டும். எங்கள் அறிவிப்பில் மூன்று நிலை உண்டு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் வேறு வேறு சொல். மேல்நிலை வந்தால் கரையைக் காலி செய்ய வேண்டும். நடு நிலைக்குக் கடற்கரையை விட்டு விலகினால் போதும். கீழ்நிலைக்கு யாரும் எங்கும் போக வேண்டாம். தமிழுக்கு வரும்போது மூன்றும் எச்சரிக்கை ஆகிவிடுகின்றன. பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. நானே மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது "உஷார்" என்று போட்டுப் பார்த்தேன்; அரசு அறிவிப்பில் அது எடுபடாது என்றார்கள். "கண்காணிப்பு" என்று போட்டேன். போலீஸ் வருகிறதா என்று ஒருவர் கேட்டார். கடைசியில் நிலைகளின் பெயரை விட்டுவிட்டு, செய்ய வேண்டியதையே முதல் வரியாக வைத்தேன். ஊரை விட்டுப் போங்கள். கரையை விட்டு விலகுங்கள். வீட்டிலேயே இருங்கள். அம்மா கேட்ட கேள்வியும் அந்த வடிவில்தான் இருந்தது.

சொல்லின் கனத்தை ஜப்பான் பெரிய விலை கொடுத்துக் கற்றது. 2011 மார்ச் 11 அன்று அவர்களுடைய வானிலைத் துறை மூன்று நிமிடத்தில் எச்சரித்தது. அசாத்திய வேகம். ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் அளவு 7.9 என்றுதான் தெரிந்தது, உண்மையில் 9. அதனால் சில கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று எண் போட்டார்கள். 3 மீட்டரா, நம் தடுப்புச் சுவர் அதைவிட உயரம் என்று இருந்தவர்கள் உண்டு. பிறகு எண்ணை உயர்த்தினார்கள். அதற்குள் பல இடங்களில் மின்சாரம் போய்விட்டது. 2013-இல் முறையை மாற்றினார்கள்: மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் முதல் அறிவிப்பில் மீட்டர் கணக்கு கிடையாது, "பிரம்மாண்டம்" என்ற பொருளில் ஒரே சொல். எண்ணைக் காட்டிலும் சொல் நேர்மையானது என்று ஒரு பொறியாளர் கூட்டம் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயம்.

முன்பு சொன்ன விதிக்கு வருகிறேன். நிலநடுக்கம் இல்லாமல் மிதவை மட்டும் கூவினால் அறிவிப்பு போகக் கூடாது என்றேன் அல்லவா? 2018 டிசம்பர் 22 இரவு இந்தோனேசியாவின் அனக் கிரகட்டாவ் எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. எச்சரிக்கையைத் தூண்டும் அளவுக்கு நிலநடுக்கம் இல்லை. ஜாவா, சுமத்ரா கரைகளில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு கடற்கரை விடுதியில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்த மேடையே சரிந்தது. நான் எழுதிய விதி அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று அன்று இரவு முழுவதும் யோசித்தேன். பணியில் இருப்பவர் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கும். அவர் எத்தனை நிமிடம் எடுத்திருப்பார்? அன்று எனக்கே இருபது. நம் கடலிலும் பாரன் தீவு எரிமலை இருக்கிறது. விதியை நீக்கச் சொல்லவில்லை. சரிபார்ப்பதற்கு ஒரு கெடு வைக்கச் சொல்லிக் குறிப்பு எழுதினேன். கெடு முடிந்தும் காரணம் தெரியவில்லை என்றால் கடலை நம்பு, என் நிரலை நம்பாதே. நள்ளிரவுப் போலி எச்சரிக்கைக்குப் பயந்து நான் போட்ட கோட்டை நானே நகர்த்த எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று.

கடைசியாக ஊர். ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்களுக்கு 2020-இல் யுனெஸ்கோவின் "சுனாமிக்குத் தயார்" என்ற அங்கீகாரம் கிடைத்தது. எந்தத் தெரு வரை தண்ணீர் வரும், எந்த வழியாக எங்கே போவது என்று ஊராரே வரைந்து, பலகை வைத்து, ஒத்திகை பார்க்கும் ஊர்கள். அதைப் பார்த்துவிட்டு, சீர்காழிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒத்திகைக்குப் போனேன். கோயில் மைக்செட்டை இயக்கும் பையனிடம் தாளைக் கொடுத்தோம். செய்ய வேண்டியதை முதல் வரியில் வைத்து நான் எழுதிய தாள்தான், இருந்தாலும் அரசு நடை விட்டுப் போகவில்லை. "பாதுகாப்பான உயரமான இடங்களுக்குச் செல்லுமாறு" என்று இருந்தது. பையன் ஒருமுறை படித்துப் பார்த்தான். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மைக்கைத் தட்டினான்.

"கடல் வருது. எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக்குப் போங்க. வலைய எடுக்க நிக்காதீங்க. எஞ்சின கழட்டாதீங்க. வயசானவங்கள வண்டில ஏத்துங்க. கடல் வருது."

வலையை எடுக்க நிற்காதீர்கள். மீனவ வீட்டுப் பெண்ணான எனக்கே அதை எழுதத் தோன்றவில்லை. லட்ச ரூபாய் வலையை விட்டுவிட்டு ஓட எந்தப் பொறியாளர் சொல்லியும் கால் வராது. உள்ளூர்ப் பையன் சொன்னால் வரலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் எட்டு நிமிடம். ஊரில் கடைசி ஆள் மாடி ஏற 19 நிமிடம் ஆயிற்று. இரண்டையும் கூட்டினால் 27; எங்கள் கரைக்கு அது தாராளம், நிக்கோபாரில் அது போதாது.

கடைசியாக ஏறியவர் ஒரு பாட்டி, பேரன் முதுகில் வந்தார். மாடியில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள், உச்சி வெயில். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி என் கையைப் பிடித்தார். "எப்ப எறங்கலாம்? ஒலைல அரிசி கெடக்கு."

பையன் என்னைப் பார்த்தான். நான் பஞ்சாயத்தாரைப் பார்த்தேன், அவர்கள் வருவாய்த் துறை அலுவலரைப் பார்த்தார்கள், அவர் தன் போனைப் பார்த்தார். ஒத்திகையின் விலக்குச் செய்தி வந்து சேர இன்னும் 25 நிமிடம் ஆயிற்று. அதற்குள் இளவட்டங்கள் சிலர் இறங்கிப் போய்விட்டார்கள். உண்மையான அலையாக இருந்திருந்தால் இரண்டாவது அலை வரும் நேரம் அது. 2004-இல் முதல் அலைக்குப் பிறகு கரைக்குத் திரும்பித் தேடப் போனவர்கள் பலர் அப்படித்தான் போனார்கள்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: மாடியில் கூரை. தண்ணீர். கழிப்பறைச் சாவி யாரிடம். அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு என்று முதல் அறிவிப்பிலேயே சொல்லச் சொல்ல வேண்டும். பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்ச நேரந்தான் பாட்டி என்றேன். "அதத்தான் அவனும் சொன்னான்" என்றார், பையனைக் காட்டி.